அரண்மனைக்காரன் தெருவிலிருந்து

அன்புள்ள கண்ணம்மா,

கலிபோர்னியாவில் உன் கிளெண்டேலில் ஏப்ரல் 24 அன்று பள்ளிக்கூடம் இல்லை, ஆர்மேனிய வீட்டுக்காரப் பாட்டி நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை என்று எழுதியிருந்தாய். "நூறு வருஷத்துக் கதை அப்பா, ஒரு அரசாங்கம் இப்போது வாய் திறந்து சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?" என்றும் கேட்டிருந்தாய்.

1915இல் அந்தத் தேதியில்தான் கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், அன்றைய துருக்கிப் பேரரசின் ஆட்கள் ஆர்மேனிய எழுத்தாளர்களையும் வக்கீல்களையும் பாதிரியார்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஆர்மேனியர்களை ஊர் ஊராகக் கிளப்பி, சிரியப் பாலைவனத்துக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். செத்தவர்கள் 15 லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். போர்க்காலத்தில் எல்லாத் தரப்பிலும்தான் செத்தார்கள், இது இனப்படுகொலை இல்லை என்பது துருக்கியின் பேச்சு, இன்றுவரை.

இது இனப்படுகொலைதான் என்று உருகுவே 1965லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவுக்குத் துருக்கியில் விமானத் தளம் வேண்டுமே! 2008 தேர்தலில் வாக்குக் கொடுத்த ஒபாமா, எட்டு வருஷமும் 'மெட்ஸ் யெகெர்ன்' (பெருங்கேடு) என்று ஆர்மேனிய வார்த்தையைச் சொல்லியே சமாளித்தார். 'இனப்படுகொலை' மட்டும் வாயில் வரவில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2019இல் சொல்லி, பைடன் 2021இல் சொன்னார். எனக்கு மனசுக்குப் பட்டது ஜெர்மனிதான். 2016 தீர்மானத்தில், அன்று துருக்கிக்குக் கூட்டாளியாக இருந்த தன் பேரரசுக்கும் இதில் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டது. அடுத்தவன் குற்றத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வரும். நம் அரசு இன்னும் அந்தச் சொல்லைத் தொடவில்லை.

போன ஞாயிறு நம் சென்னைப் பாரிமுனைக்குப் போனேன். பலகையில் ஆர்மேனியன் தெரு, நம்மவர்கள் வாயில் அரண்மனைக்காரன் தெரு. அங்கே ஏது அரண்மனை? 'ஆர்மேனியன்' திரிந்து வந்த பேர்தான். அதற்குள் ஒரு ஜனமே மறைந்துபோனது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான், முப்பது வருஷம் அந்தத் தெருவில் தாள் வியாபாரம் பார்த்தும்.

அங்கே இருக்கும் ஆர்மேனிய மாதா கோயிலில் தரையெல்லாம் கல்லறைக் கற்கள், தாண்டித்தான் நடக்க வேண்டும். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனும் இங்கேதான் உறங்குகிறார்.

தேய்ந்துபோன ஒரு கல்லைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மேலே உதிர்ந்து கிடந்த பூவை ஒதுக்கிவிட்டுத்தான் எடுத்தேன். பாட்டியிடம் காட்டு. அவருக்கு அந்த எழுத்து வாசிக்க வரும். யார் பேர் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா