வயோமிங் சட்டமன்றத்துக்கு: வில்டர்னஸ் கைடு சட்டத்தை நீக்குங்கள்

மதிப்பிற்குரிய வயோமிங் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட விஸ்கான்சினிலிருந்து உங்கள் மாநிலத்துக்கு வண்டியோட்டி வருகிறவன் நான். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வில்டர்னஸ் பகுதிகளில், அதாவது இயற்கையாகவே விட்டுவைக்க மத்திய அரசு சட்டம் போட்டு ஒதுக்கிய காடுகளில், வெளிமாநிலத்தவர் கைடு இல்லாமல் எல்க் வேட்டையாடக் கூடாது என்ற சட்டத்தை நீக்குங்கள். அது எப்படி வந்தது, யார் கேட்டு இத்தனை காலம் நிற்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடந்த அக்டோபரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். டூபாய்ஸுக்கு வடக்கே ஷோஷோனி தேசியக் காட்டில் இருட்டோடு ஏறத் தொடங்கி, விடியும்போது நானும் என் மைத்துனரும் வாஷகி வில்டர்னஸை ஒட்டிய ஒரு முகட்டில் இருந்தோம். எல்லை என்றால் அங்கே வேலி எதுவும் கிடையாது. பைன் மரத்தில் அடித்த ஒரு பலகை, ஃபோன் வரைபடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நாங்கள் பின்தொடர்ந்த எல்க் கூட்டம் அந்தக் கோட்டுக்கு அப்பால், நன்றாகச் சுடக்கூடிய தூரத்தில், உறைபனி படிந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆண் எல்க், கொம்பின் நுனிகள் வெள்ளையாகத் தெரிந்தன, அது மூச்சு விடும்போது வரும் ஆவிகூட பைனாகுலரில் தெரிந்தது. குலுக்கலில் கிடைத்த உரிமம் சட்டைப்பையில் இருந்தும் நாங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த நேரம் பார்த்து தூண்டிலும் கூடாரமுமாக இரண்டு பேர் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒஹையோக்காரர்கள், இந்த மலைக்கு வருவது இதுதான் முதல் தடவையாம். அவர்களுக்குக் கைடு தேவையில்லை. துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு வந்தால் எனக்கும் தேவையில்லை, ஒரு வாரம் உள்ளேயே தங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

பாதுகாப்புக்காக என்கிறீர்கள். சரி, கிரிஸ்லி கரடி நடமாடும் காடு, வெட்டிய இறைச்சிக்குக் கரடி வரும், எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் மலைப்பக்கமே போகாத, உங்கள் தலைநகர் ஷயனில் வசிக்கும் ஒருவர் நாளைக்கே துப்பாக்கியோடு தனியாக உள்ளே போகலாமே, அவரைக் கரடி விட்டுவிடுமா? உங்கள் மாநிலத்தவர் ஒருவர் காசு வாங்காமல் துணைக்கு வந்தால் வருடத்துக்கு இரண்டு வெளிமாநிலத்தவரைக் கூட்டிப் போகலாம் என்றும் நீங்களே அனுமதிக்கிறீர்கள், அதற்கான உரிமமும் இலவசம். அங்கே தெரிந்தவர் இருந்தால் ஆபத்து இல்லை, இல்லாதவனுக்கு மட்டும் ஆபத்து என்று எப்படி ஆகும்? அப்சரோகா பேர்டூத் வில்டர்னஸ் மொன்டானாவிலும் இருக்கிறது, கொஞ்சம் உங்கள் பக்கமும் இருக்கிறது. அதே காடு, அதே கரடி. மொன்டானா பக்கம் எல்க் டேக், அதாவது வேட்டை உரிமச் சீட்டு, வைத்திருக்கிறவன் தன் பாட்டுக்கு வேட்டையாடலாம். எல்லையைத் தாண்டினால் கைடு வேண்டும். இதற்குப் பாதுகாப்பு என்ற காரணம் பொருந்தவே இல்லை.

பணத்தைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. எல்க் உங்கள் மாநிலத்தின் பொறுப்பு, வெளியாரிடம் கூடுதலாக வாங்கலாம் என்று 1978-இல் மொன்டானா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எல்க் உரிமத்துக்கு 692 டாலர் கேட்டீர்கள், கட்டினோம். சிறப்புக் குலுக்கலுக்கு 2024-இலிருந்து 1,950 டாலர் என்று ஏற்றினீர்கள், முடிந்தவர்கள் அதையும் கட்டுகிறார்கள். ஆனால் நிலம் உங்களுடையது அல்ல. வில்டர்னஸ் என்பது 1964 சட்டத்தின்கீழ் அமெரிக்க மக்கள் எல்லோருக்குமாக ஒதுக்கிய நிலம். உங்கள் மாநிலத்தில் அது சுமார் 30 லட்சம் ஏக்கர், அதில் நல்ல எல்க் காடு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் வேட்டைக்குப் போக கைடு வைத்து வேட்டைப் பயணம் நடத்தும் அவுட்ஃபிட்டருக்குப் பல ஆயிரம் டாலர் கொடு என்றால், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருகிறவன் என்ன செய்வான்? குதிரையும் கூடாரமும் சமையல்காரரும் வேண்டும் என்கிறவர்கள் தாராளமாக அவர்களிடம் போகட்டும், அந்தத் தொழில் நன்றாக நடக்கட்டும். வேண்டாம் என்கிறவனைச் சட்டம் போட்டு அவர்களிடம் அனுப்புவது நியாயமில்லை.

மேற்கே எல்லா இடத்திலும் எங்களுக்குக் கதவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டுதான் வருகிறது. கொலராடோவில் வில் வேட்டைக்கு நேரே கடையில் டேக் வாங்கிக்கொண்டு மலையேறிய காலம் 2024-உடன் போய்விட்டது, 2025-லிருந்து பெரும்பாலும் குலுக்கல்தான். உங்கள் மாநிலத்திலேயே எல்க் மவுன்டனில், தனியார் நிலத்தில் கால் வைக்காமல், இரண்டு பொதுநிலங்கள் மூலையோடு மூலை தொடும் இடத்தில் ஏணி வைத்துத் தாண்டிய மிசூரிக்காரர்கள் நான்கு பேரை நீதிமன்றம் வரை இழுத்தார்கள். 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தனியார் நில உரிமையாளரே பொதுநிலத்துக்குப் போகும் வழியை மறிக்கக் கூடாது என்றால், மாநில அரசு மறிக்கலாமா? துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி எங்கள் ஊரில் வாங்குகிறவர்கள் தலையிலும்தான் விழுகிறது, 1937 சட்டத்தின்படி அதில் உங்கள் காட்டு விலங்குகளுக்கும் பங்கு வருகிறது. இதையெல்லாம் நினைக்கும்போது கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். அந்தச் சட்டத்தை நீக்குங்கள். ஒரேயடியாக முடியாது என்றால், கரடிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர்களை, இரண்டு பேராகச் சேர்ந்து வருகிறவர்களை, அவசர உதவிக்குச் செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பவர்களை முதலில் அனுமதியுங்கள். பயிற்சிக்குக் கட்டணம் வைத்தாலும் கட்டுகிறோம். அடுத்த கூட்டத்தொடரில் யாராவது ஒருவர் இதை மசோதாவாகக் கொண்டுவாருங்கள், குழுவின் முன் பேச வெளிமாநிலத்தவருக்கும் நேரம் ஒதுக்குங்கள். நான் ஷயனுக்கு வந்து பேசத் தயார்.

இப்படிக்கு,
விஸ்கான்சினிலிருந்து ஒரு வேட்டைக்காரன்