எதை விட்டுக்கொடுப்பது?

அடி குண்டூசி,

நலம்தானே? முட்டி வலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயைத் தேய்த்தாயா, இல்லை வழக்கம்போல அலமாரியில் வைத்துப் பூஜை செய்கிறாயா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்கு நிச்சயம் முடிந்தது. திடீரென்று கூடி வந்ததால் வீட்டோடு வைத்துக்கொண்டோம், அதற்காக முறைக்காதே. பையன் தங்கமானவன், கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறான், அவ்வளவுதான்.

தட்டு மாற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரம். என் நாத்தனார் சின்னவளுக்குப் பூவைச் சரிசெய்தபடியே, "இனிமே எல்லாத்துலயும் விட்டுக்கொடுத்துப் போகணும்டி" என்றார். இவள் நிமிர்ந்து பார்த்து, "எதை அத்தை?" என்று கேட்டுவிட்டாள். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள். கூடத்தில் ஒருத்தருக்கும் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கு, "கேமராவைப் பாருங்க தம்பி" என்பதோடு சரி.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று அவர்கள் வீட்டுப் பெரியம்மா இழுத்தபோது, "எங்க பொண்ணுக்கு என்ன குறைச்சல்" என்று அவளை விட்டுக்கொடுக்காமல் பேசியவரும் இதே நாத்தனார்தான். அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, அது வேறு. ஆக, வெளியாள் முன்னால் நம்மவர்களை விட்டுக்கொடுக்கக் கூடாது, வீட்டுக்குள்ளே விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும். முதலாவதற்குக் குடும்பமே வரிந்து கட்டிக்கொண்டு வருகிறது, இரண்டாவதை மட்டும் மருமகள் தலையில் கட்டிவிடுகிறோம்.

நம் தமிழம்மா எழுதச் சொல்லியே கையை ஒடித்த குறள் ஞாபகமிருக்கிறதா? 'பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.' 963. நான் இத்தனை நாள் அது அடக்கமுடைமையில் வருகிறது என்றே நினைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தால் மானம் அதிகாரத்தில் இருக்கிறது! கை ஓங்கியிருக்கும்போது பணி, தாழ்ந்திருக்கும்போது நிமிர்ந்து நில் என்கிறார். அப்படியென்றால் அந்த வீட்டில் யார் பணிய வேண்டும், நீயே சொல். சொந்த வீடு, சொந்த அம்மா, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது உட்பட எல்லாம் தெரிந்தவன் அவன். நாமோ பெட்டியோடு போய் நிற்கிறவளிடம் பணிவைக் கேட்கிறோம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது குண்டூசி, இவள் நான் போனதுபோல வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை. போகவும் வேண்டாம்.

கல்யாணம் தையில். நாள் குறித்ததும் போன் செய்கிறேன், ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. மாப்பிள்ளைக்கு அந்தக் குறளைப் பாடம் எடுப்பது உன் பொறுப்பு, நான் சொன்னால் மாமியார் பேச்சாகிவிடும். அப்புறம் அந்தப் பச்சைப் புடவையை எடுத்து வா, அது என்னுடையது.

உன்,
ஒட்டடைக்குச்சி