சனிக்கிழமைப் பயிற்சி: கூகுள் எர்த்தில் ராஜேந்திர சோழன்

வரலாற்று ஆசிரியர்களுக்கு வணக்கம். மடிக்கணினியில் குரோம் இருந்தால் போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். புதிய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், நாகப்பட்டினம், கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) நான்கையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பெரிய கோயிலுக்கு 10.7828, 79.1318. அட்சரேகைதான் முதலில். மாற்றிப் போட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டில் போய் நிற்பீர்கள். பெரும்பாலான குளறுபடி இங்கேதான். தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் என்ற இரு சோழத் தலைநகரங்களுக்கும் இடையே அளவுக் கருவி சுமார் 58 கி.மீ. காட்டும். அது வான்வழித் தூரம், சாலைக் கணக்கல்ல. ராஜேந்திரனின் 1025 கடாரப் படையெடுப்புக்கும் நாகையிலிருந்து நேர்க்கோடு இழுத்துவிடாதீர்கள், பிள்ளைகள் அதையே கப்பல் போன வழி என்று எழுதிவிடுவார்கள்.

வகுப்பில் நெட் திணறினால் 3டி கட்டடங்களை அணைத்துவிடுங்கள். நான்கு இடங்களின் ஸ்கிரீன்ஷாட்டும் பென்டிரைவில் இருக்கட்டும்.