பின்னல் கோலாட்டத்துக்கு மனப்பாடம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மேலே கட்டிய வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஆடிக்கொண்டே பின்னலாகப் பின்னுவதுதான் பின்னல் கோலாட்டம். பள்ளி ஆண்டு விழாக்களில் இதை ஆடும்போது பாதியில் கயிறு சிக்கினால், பழி பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. அது நியாயமில்லை. நீண்ட நடை வரிசையை அவர்களை உருப்போட வைக்கிறோம். தேவைப்படுவதோ ஒரே விதி.

8 பேர் வட்டமாக நின்று, ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிராகத் திரும்ப வேண்டும். வலஞ்சுழியாகப் போகிறவர் முதலில் எதிர்ப்படுபவருக்கு வெளியே, அடுத்தவருக்கு உள்ளே, மறுபடி வெளியே என்று மாறி மாறிக் கடப்பார். இடஞ்சுழியில் வருபவருக்கு இதன் நேர்மாறு. வெளியே போகிறவர் கயிற்றை உயர்த்த, உள்ளே போகிறவர் குனிந்து நுழைவார்.

ஆட்களின் எண்ணிக்கையில்தான் நுட்பம் இருக்கிறது. 8 பேரோ 12 பேரோ ஆடினால், ஒருவரை முதல்முறை எந்தப் பக்கமாகக் கடந்தோமோ கடைசிவரை அதே பக்கம்தான். எதிரே வரும் முகத்தைப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். 10 பேர் என்றால் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் பக்கம் மாறும். புதியவர்கள் குழம்புவது அங்கேதான்.

நிறத்தையும் முன்கூட்டியே கணிக்கலாம். வலஞ்சுழி நால்வருக்குச் சிவப்புக் கயிறு, மற்ற நால்வருக்கு மஞ்சள் என்றால் பின்னலில் சிவப்பும் மஞ்சளும் வளையம் வளையமாக இறங்கும். ஒருவருக்கு மட்டும் சிவப்பு தந்தால் சுருள் படிக்கட்டு போலச் சிவப்புப் புள்ளிகள் சுற்றி இறங்கும். எதிரெதிர்த் திசையில் போகும் இருவருக்குத் தந்தால் அந்தச் சுருள்கள் ஒன்றையொன்று வெட்டி வைர வடிவம் கிடைக்கும். யாரும் தூரிகை தொடவில்லை, நடந்தே வரைகிறார்கள். விதியை மட்டும் கொடுத்தால் ஓவியம் தானே உருவாவதை இன்று ஜெனரேட்டிவ் ஆர்ட் என்று கணினித் திரையில் வியக்கிறோமே, அதே கலைதான் இது.

கயிறுகளைக் கட்டும் வளையம் 12 அடி உயரத்தில், சுழலாதபடி இருக்கட்டும். வட்டத்தின் ஆரம் 6 அடி என்றால் ஆளுக்கு 14 அடிக் கயிறு தேவை. 4 அடிப் பின்னலுக்கு அது போதும். வழுக்கும் நைலானைவிடப் பருத்திக் கயிறு நல்லது. ஒருவர் தளர்வாகப் பிடித்தாலும் பின்னல் ஒருபக்கம் கோணும்.

பெரும்பாலும் சிக்குவது அவிழ்க்கும்போதுதான். அவிழ்ப்பதற்காக வந்த வழியே திரும்பியதும் பழக்கத்தில் பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள். கடைசியாக வெளியே கடந்தவர் திரும்பும்போதும் முதலில் வெளியேதான் போக வேண்டும். பின்னும்போது ஓரிடத்தில் பக்கம் தவறியிருந்தால், அவிழ்க்கையில் அந்த இடத்தில் இரு கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். அதற்கு மேலே உள்ளது அவிழாது.

சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கோலம் உருவாகும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் விளக்கி 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கோலாட்டத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒத்திகைக்கு முன் கணக்கு வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கி, கட்டத்தாளில் பின்னலின் நிறங்களைப் பிள்ளைகளே வரைந்து பார்க்க ஆசிரியர்கள் வழிசெய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கோலாட்டப் பயிற்சியாளர்கள்,
தஞ்சாவூர்.