எல்லா நாடாவையும் சூடாக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ட்ரம்பெட் கலைஞர் இயன் கார் பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்து மகிழ்ந்தோம். 1969-ல் அவர் தொடங்கிய நியூக்ளியஸ் குழு மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ ஜாஸ் விழாவில் முதலிடம் பெற்றது. 1971-ல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் அவர்கள் வாசித்த ஜாஸ்-ராக் கச்சேரி ஒலிப்பதிவு நாடாவிலேயே கிடந்து, 2003-ல்தான் குறுந்தகடாக வந்தது. ஆனால், 'இத்தகைய பழைய நாடாக்களை முதலில் சூடாக்க வேண்டும்' என்ற வரியை அவசியம் திருத்த வேண்டும். அதை நம்பிச் செய்தால் நல்ல நாடாவும் பாழாகும்.

சூடாக்குவது ஒரே ஒரு கோளாறுக்கான வைத்தியம். 1970-களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களில், காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பாலியூரித்தேன் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஓடவிட்டால் கீச்சிடும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பிசின் அப்பும். அதற்குத்தான் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரச் சூடு. அதையும் சமையலறை ஓவனில் செய்யக் கூடாது, வெப்பம் ஏறி இறங்கும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய நாடாவுக்கு இந்தச் சூடு ஆகவே ஆகாது, நெளிந்துவிடும். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிறதா? அது அசிடேட்.

பிரெமன் கச்சேரி போன்ற 1971-ன் ஜெர்மன் வானொலி நாடாவில் பொதுவாக இந்தப் பிசுபிசுப்பு வராது. அங்கே சிக்கல் வேறு. காந்தப் பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றுவது அவர்கள் வழக்கம். பக்கத் தட்டுகளும் கிடையாது, நடுவே ஒரு கட்டைதான். வழக்கமான இயந்திரத்தில் அப்படியே மாட்டினால் பூச்சில்லாத முதுகுப் பக்கம் ஹெட்டில் உரசி, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும்.

அடுத்தது சமன் அமைப்பு, அதாவது பதிவின்போது மாற்றிய மேல், அடி ஒலிகளின் அளவை ஒலிக்கும்போது சரிப்படுத்தும் ஏற்பாடு. விநாடிக்கு 38 செ.மீ. ஓடும் ஐரோப்பிய நாடாவுக்கு 35 மைக்ரோவிநாடி அமைப்பு, அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கத்தின் என்.ஏ.பி. அமைப்பு 50. ஐரோப்பிய நாடாவை அமெரிக்க அமைப்பில் போட்டால் மேல் ஒலிகள் ஏறக்குறைய 3 டெசிபல் எகிறும், 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அடி ஒலி அதே அளவு இளைக்கும். குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் மார்ஷலின் சிம்பல் காதைக் குத்தும். அதைச் சரிசெய்வதாக நினைத்து ட்ரெபிளை (மேல் ஒலியை) தோராயமாகக் குறைப்பவர்கள் இயன் காரின் ட்ரம்பெட்டையும் சேர்த்து மழுக்கிவிடுகிறார்கள். சில மறுவெளியீடுகள் உயிரற்றுக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது எங்கள் கருத்து.

வேகத்தைச் சரிபார்க்க ட்ரம்பெட்டை நம்ப முடியாது, வாசிப்பவர் உதட்டாலேயே சுருதியை நகர்த்துவார். பதிவில் ஒட்டியிருக்கும் மின்சார இரைச்சலைப் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டியது 50.5 என்று காட்டினால், நாடா ஒரு சதவீதம் வேகமாக ஓடுகிறது.

பழைய ஸ்பூல்கள் வைத்திருக்கும் வாசகர்களின் கண்ணில் படும்படி, இத்திருத்தத்தைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒலிநாடாப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை