இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. அரையாண்டுத் தேர்வைப் பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். கோ-கோ அணியும் ஓவியப் போட்டிக்குச் சென்றவர்களும் பரிசுகளோடு திரும்பினார்கள். ஏழாம் வகுப்பின் இசை அறிவியல் அரங்கைப் பார்க்க வந்த அனைவருக்கும் நன்றி.

அந்த அரங்கில் இருந்த மிருதங்கங்களைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சிக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஆறில் மூன்று பழுதாகி வந்தன. இரண்டில் வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், சோறு பெயர்ந்துவிட்டது. ஒன்றில் தொப்பியை, அதாவது இடப்பக்கத் தோலை, எலி கடித்திருக்கிறது.

வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்தான் சோறு. வெறும் தோலைத் தட்டினால், அடிப்படை அதிர்வுக்கு அடுத்து எழுவது அதைப் போல் 1.59 மடங்காக இருக்கும். முழு மடங்காக இல்லாததால் சத்தம் வருமே தவிர சுருதி நிற்காது. சோற்றின் எடை ஏறியதும் அதிர்வுகள் 2, 3, 4, 5 மடங்குகளுக்கு வந்து சேர்கின்றன, வீணைத் தந்தியில் போல. சர் சி.வி. ராமன் இதை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-இல் வெளியான கட்டுரையில், தோலின் மேல் மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று படமாகவே காட்டினார். நம் கைவினைஞர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே காதால் கண்டுபிடித்து வைத்திருந்தது இது.

கருநிறக் கல்லின் பொடியை வடித்த அரிசிச் சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து வைப்பார்கள். மேலே தெரியும் மெல்லிய வெடிப்புகள் பழுதல்ல. தோலோடு சேர்ந்து வளைய அவை வேண்டும். நகத்தால் கிள்ளக் கூடாது. ஈரத்துணி படவே கூடாது, பட்டால் ஊறிப் பெயரும்.

தொப்பிக்கு, சிறு கைப்பிடி ரவையைத் தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து நடுவில் வட்டமாக ஒட்ட வேண்டும். வாசித்து முடித்த கையோடு சுரண்டி எடுத்து, துடைத்து, நிழலில் உலர விடுங்கள். விட்டுவைத்தால் காய்ந்து தோலை இழுக்கும். இரவில் ரவைக்காக வரும் எலியும் கரப்பானும் தோலையும் சேர்த்துக் கடிக்கும். வெயிலிலோ பூட்டிய காரிலோ வைத்தால் தோல் இறுகி விளிம்பில் கிழியும்.

அழுக்கு என்று நினைத்துச் சோற்றைத் துடைத்துவிட்டதாக ஒரு வீட்டில் சொன்னார்கள். எடுத்துச் சொல்லாமல் கொடுத்தனுப்பியதில் எங்கள் தவறும் உண்டு. ஆனால் எலி கடித்ததைச் சொல்லாமல் உறைக்குள் வைத்துத் திருப்பித் தந்ததை ஏற்க முடியாது. இனி பெற்றோர் நேரில் வந்து, இரண்டு பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்திட்டால் மட்டுமே மிருதங்கம் வெளியே போகும். பழுதானால் அன்றே சொல்லுங்கள். பிள்ளையை யாரும் திட்ட மாட்டோம்.

புதுச் சோறு வைக்கும் செலவைத் தாமாகவே ஏற்றுக்கொண்ட பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. மூன்று மிருதங்கங்களும் இப்போது வேலைக்குப் போயிருக்கின்றன. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கையில் இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்