அந்தப் பைக்கற்றைப் பிரிக்காதீர்கள், அப்பா

உ

லின்ட்சே, ஒன்ராறியோ
02.03.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன். ஆனால் கடிதம் முழுக்க அவருடைய வாகனத்தைப் பற்றித்தான். பொறுத்துக்கொள்வார்.

இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போனீர்களா, இல்லை முழங்கால் வலியோடு தம்பலகாமத்திலேயே ஆதிகோணநாயகரைக் கும்பிட்டுவிட்டீர்களா? எங்கள் முற்றத்தில் இன்னும் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. விடிய நாலு மணிக்கு எழும்பி, முதலில் காரைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். நான் முழித்திருந்த சிவராத்திரி அதுதான்.

போன கிழமை தங்கச்சி போனில் ஒரு விஷயம் சொன்னாள். பெரும்போக நெல் வீட்டுக்கு வரப்போகிறது என்று நீங்கள் டவுனில் எலி மருந்து வாங்கி வந்து, சாமான் அறையில் அரிசி வாளிக்கு மேல்தட்டில் வைத்திருக்கிறீர்களாம். "நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார், நீங்கள் சொல்லுங்கோ அண்ணா" என்றாள். நான் சொல்ல வாயெடுக்க, "கனடாவிலயும் எலியோ?" என்று நீங்கள் சிரித்தீர்கள். அதோடு லைனும் விட்டுப்போனது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு லைன் விடாது.

ஓம் அப்பா, கனடாவிலும் எலிதான். ஸ்காபரோவில் வாடகை கொடுத்துக் களைத்து, எலி வளை என்றாலும் தனி வளை வேண்டும் என்று இந்தப் பழைய பண்ணை வீட்டை வாங்கினோம் அல்லவா? அது மெய்யாகவே எலி வளைதான் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டின் மூன்று பக்கமும் சோளக் காணி, பின்னால் சோயா. ஒக்டோபர் கடைசியில் பெரிய மெசின் வந்து ஒரே நாளில் சோளத்தை வெட்டிக்கொண்டு போனது. குளிரும் அந்தக் கிழமைதான் இறங்கியது. சாப்பாடும் இல்லை, சூடும் இல்லை. காணியில் இருந்ததெல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தது.

முதலில் சத்தம்தான். இராத்திரியில் கூரைத் தட்டுக்குள் யாரோ அரிசி கொழிக்கிற மாதிரி ஒரு சரசரப்பு. பிறகு பேஸ்மென்டில் வைத்திருந்த 40 இறாத்தல் சிவப்பரிசிப் பையின் மூலையில் ஓட்டை. அம்மா அனுப்பிய முறுக்குப் பொதி போய்விட்டது. அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளை மட்டும் ஒன்றும் தொடவில்லை! அம்மாவின் தூளுக்கு எலியும் பயம் என்று மகன் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

இங்கே வீட்டுக்குள் வருவது இரண்டு வகை. ஒன்று நம் வீட்டுச் சுண்டெலியின் சொந்தக்காரன், சாம்பல் நிறம். மற்றது மான் எலி. முதுகு மானைப் போலப் பழுப்பு, வயிறும் கால்களும் வெள்ளை, கண் உருண்டையாகப் பெரிது. பார்க்க அழகுதான், அதுதான் கரைச்சல். பொறியில் விழுந்த முதலாவதைப் பார்த்து மகன் அன்று இராத்திரி சாப்பிடாமல் படுத்தான்.

பொறிக்கு வருவதற்கு முன் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். நானும் உங்கள் பிள்ளைதானே, முதலில் வாங்கியது மருந்து. இங்கே வீட்டுப் பாவனைக்கு அதைக் குழந்தை திறக்க முடியாத பெட்டியில் அடைத்துத்தான் விற்கிறார்கள். எலி ஓட்டைக்குள் நுழைந்து தின்னும், மற்றவர் கை போகாது. நல்ல யோசனை என்று நாலு வைத்தேன். அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. தின்ற எலி உடனே சாகாது. சாக மூன்று நாலு நாள் பிடிக்கும், சிலவேளை அதைவிடவும் கூட. அதற்குள் அது எங்கே போய்ச் சாகும் என்பது நம் கையில் இல்லை. ஒன்று குசினிச் சுவருக்குள் போய்ச் செத்தது. அப்பா, அந்த மணம்! வெளியே குளிர், யன்னல் திறக்க வழியில்லை. உள்ளே சூடாக்கிக் காற்று அந்த நாற்றத்தை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. இரண்டு கிழமை உங்கள் மருமகள் கராஜுக்குள் அடுப்பு வைத்துச் சமைத்தாள். சுவரை உடைக்கவா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்துப் பண்ணைக் கிழவர் வந்தார். எழுபதைத் தாண்டிய மனுசன், உங்களைப் போலவே தொப்பியைக் கழற்றாமல் பேசுவார். மருந்துப் பெட்டியைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. அவருடைய நாய் ஒருமுறை மருந்து தின்ற எலிகளைத் தின்று, மூக்கால் இரத்தம் வடிய, மிருக வைத்தியர் விற்றமின் கே ஊசி போட்டுத்தான் காப்பாற்றினாராம். அந்த எலியை ஆந்தை தின்றால் ஆந்தைக்கும் அதே கதி. ஆந்தைக்கு யார் ஊசி போடுவது? நம் கிணற்றடிப் பனையில் இருக்கிற கூகையைத்தான் அப்போது நினைத்தேன். அது ஒரு இராத்திரியில் பிடிப்பதை நானும் நீங்களும் சேர்ந்து ஒரு கிழமையில் பிடிக்கமாட்டோம்.

கிழவர் சொல்லித்தந்தது எளிய வேலை, ஆனால் பொறுமை வேண்டும். மரப்பலகையில் கம்பி வில் வைத்த பொறி, விலை மலிவு. நான் முதலில் இரண்டை வாங்கி அறையின் நடுவில் வைத்திருந்தேன். அவர் சிரித்தார். எலி வெளிக்கு வராது, மீசை சுவரில் உரசிக்கொண்டே ஓடும். அதனால் பொறியைச் சுவரோடு ஒட்டி, தீன் வைக்கும் பக்கம் சுவரைப் பார்க்க வைக்க வேண்டும். இரண்டு போதாது, ஒரேயடியாகப் பன்னிரண்டு வைத்தோம். சுண்டெலி தன் கூட்டிலிருந்து ஐந்தாறு பாகம்கூடத் தாண்டாது, அதனால் பொறிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். தீனுக்குக் கச்சான் (நிலக்கடலை) பட்டர், ஒரு பட்டாணி அளவுதான். கூடப் போட்டால் நக்கிவிட்டுப் போய்விடும். நான் நம் ஊர் முறையில் தேங்காய்ச் சொட்டைச் சுட்டு வைத்தும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கச்சான்தான் வென்றது. மூன்று கிழமையில் இருபத்துமூன்று எலி.

அதற்குப் பிறகும் வந்தன. ஒரு பெண் எலி இருபது நாள் சுமந்து ஐந்தாறு குட்டி போடும், அந்தக் குட்டிகளும் ஒன்றரை மாதத்தில் சினைப்படும் பருவத்துக்கு வந்துவிடும். பொறியால் அந்தக் கணக்கை எட்டிப் பிடிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை நல்ல வெயிலில் கிழவர் என்னைப் பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போய், எல்லா லைட்டையும் நிற்பாட்டச் சொன்னார். இருட்டில் நின்று பார்த்தால் சுவரில் அங்கங்கே நட்சத்திரம் மாதிரி வெளிச்சம். தண்ணீர்க் குழாய் நுழையும் இடம், வயர் நுழையும் இடம், உடுப்புக் காயவைக்கும் மெசினின் காற்றுக் குழாய், பழைய கல் அத்திவாரத்துக்கும் பலகைக்கும் நடுவே. ஒவ்வொன்றுக்கும் போனில் படம் எடுத்தோம், பதினேழு வந்தது. சுண்டெலிக்குக் கால் அங்குல ஓட்டை போதும் அப்பா. ஒரு பென்சில் போகிற இடத்தால் மண்டை போய்விட்டால், உடம்பு பின்னால் வந்துவிடும்.

சின்ன ஓட்டைகளில் சட்டி தேய்க்கிற இரும்புத் தும்பை இறுக்கித் திணித்து, மேலே சிலிக்கன் பூசினோம். நுரையை மட்டும் அடித்தால் ஒரு இராத்திரியில் கடித்துத் துளைத்துவிடும். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்குக் கடிக்க ஏதாவது வேண்டும். பெரிய வாய்களுக்குக் கால் அங்குலக் கம்பிவலை. சுவரோரம் அடுக்கியிருந்த விறகை வேலியடிக்குக் கொண்டுபோனோம். அரிசியும் மாவும் மூடி இறுகும் வாளிக்குள் போயின. இதெல்லாம் முடிய நத்தார் வந்துவிட்டது. ஜனவரியில் பொறிகளில் விழுந்தது இரண்டே இரண்டு. பெப்ரவரியில் ஒன்றும் இல்லை. இப்போது இராத்திரியில் கேட்பது சூடாக்கியின் சத்தம் மட்டும்தான்.

கிழவர் என்னை ஒருமுறை அதட்டவும் செய்தார். கொட்டிலுக்குள் எலிப் புழுக்கையைத் தும்புத்தடியால் கூட்டத் தொடங்கினேன். வாசலில் நின்று கத்திவிட்டார். மான் எலியின் புழுக்கை, மூத்திரம் காய்ந்து தூசாகிக் காற்றில் எழும்பினால், அதோடு ஹன்ரா என்ற வைரஸ் நெஞ்சுக்குள் போகும். 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில்தான் இந்த நோயை முதலில் கண்டுபிடித்தார்கள். கனடாவில் மிகக் குறைவு, அதுவும் மேற்கு மாகாணங்களில்தான் கூட. ஆனால் வந்தால் பத்துப் பேரில் மூன்று நாலு பேர் தப்பமாட்டார்கள். அதனால் கதவு யன்னலைத் திறந்து அரை மணித்தியாலம் விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கடதாசியால் துடைத்தெடுக்க வேண்டும். அம்மா, உங்களுக்கும்தான் சொல்கிறேன். சாமான் அறையை ஈர்க்குமாற்றால் சரசரவென்று கூட்டுவதை விடுங்கள். நமக்கு எலிக்காய்ச்சலே போதும். நான் ஓ.எல். படித்த வருடம் அப்பா காலில் வெட்டுக்காயத்தோடு வயலில் இறங்கி, பிறகு ஆஸ்பத்திரியில் மஞ்சள் கண்ணோடு படுத்திருந்ததை மறக்கமுடியுமா? சுகாதாரப் பரிசோதகர் வாரம் ஒருமுறை போடச் சொல்லிக் கொடுக்கிற குளிசையை, அப்பா இந்தமுறையாவது ஒழுங்காகப் போட்டாரா?

இடையில் ஒரு கதை, உங்களுக்குப் பிடிக்கும். இங்கே ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம், இலங்கையைப் போல பத்து மடங்கு பெரிது. அங்கே 1950 தொடங்கிப் பெரிய எலியைக் குடியேறவே விடுவதில்லை. கிழக்கு எல்லையில் 600 கிலோமீற்றர் நீளம், 29 கிலோமீற்றர் அகலத்துக்கு ஒரு காவல் வலயம். எலியை வீட்டில் ஆசைக்கு வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். சுண்டெலி அங்கேயும் உண்டு, அதை எந்த அரசாங்கமும் நிற்பாட்டவில்லை. கிழவரிடம் கேட்டேன், எல்லையில் பொலிஸ் நிற்குமா என்று. எலி பாஸ்போட் காட்டினால் விடுவார்கள் என்றார்.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் வாங்கிய பைக்கற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தங்கச்சியை வாசிக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் செய்வது என்றால் அதற்கு மாற்று மருந்தாவது உண்டு. சிங்க் பொஸ்பைட் என்று இருந்தால் வயிற்றுக்குள் போய் நச்சுவாயு ஆகும், மாற்று மருந்து கிடையாது. தங்கச்சியின் மகளுக்கு இரண்டரை வயது. கதிரையில் ஏறிச் சீனிப் போத்தல் எடுக்கப் பழகிவிட்டாள் என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். அந்தத் தட்டு எவ்வளவு உயரம்?

நீங்கள் தென்னைகளுக்கு என்ன செய்தீர்கள்? மருந்து வைத்தீர்களா? இல்லையே, இடுப்புக்கு மேலே தகரம் சுற்றி அடித்தீர்கள். ஏறிய எலிகள் வழுக்கி விழுந்தன, குரும்பை தப்பியது. அம்மப்பா நெல் போட்டு வைத்த கொம்பறை ஏன் கல்லின் மேல் ஏறி நின்றது? தென்னைக்குச் செய்ததைச் சாமான் அறைக்கும் செய்யுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். கதவின் அடியில் ஒரு தகரத்தை மடித்து அடியுங்கள். யன்னலுக்குக் கால் அங்குலக் கம்பிவலை. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் வெளிக்குச் சீமெந்து. நெல் மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல், பலகை போட்டு, சுற்றிவர ஒரு முழம் விட்டு அடுக்குங்கள், அப்போதுதான் எலி ஓடுவது கண்ணில் படும்.

பழைய எலிக்கூடு கோழிக்கூட்டுக்கு மேல்தானே கிடக்கிறது? அதைக் கழுவி எடுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்க வேண்டும். சுண்டெலி புதுச் சாமானைக் கண்டால் வந்து மணந்து பார்க்கும். பெரிய எலி பயந்து ஒதுங்கும். அதனால் முதல் நாலைந்து நாள் கதவை விழாமல் கட்டிவிட்டு, கருவாட்டுத் துண்டோ சுட்ட தேங்காய்ச் சொட்டோ சும்மா வையுங்கள். தின்னப் பழகட்டும். பிறகு கட்டை அவிழ்த்துவிடுங்கள். வெளியே வளவில் சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பொடியனுக்கும் சொல்லுங்கள்.

சீமெந்துக்கும் வலைக்கும் தங்கச்சியின் கணக்கில் கொஞ்சம் காசு போட்டிருக்கிறேன். அதில் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிவிட்டு மிச்சத்தில் வேலை செய்யாதீர்கள், எண்ணெய்க்கு வேறாகத் தருகிறேன். பைக்கற்றைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டவேண்டாம். பிரிக்காமல் அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். காசு தராவிட்டாலும் பரவாயில்லை.

கதவை மறக்கவேண்டாம், அப்பா. சின்னனில் நான் விறாந்தையில் கண்ணாடிப் போளை (கோலி) விளையாடும்போது, அது உருண்டு அந்தக் கதவுக்குக் கீழால்தான் உள்ளே போகும். போளை போகிற இடம் எலிக்கு வாசல். உள்ளே போனதில் அரைவாசி எனக்குத் திரும்பிக் கிடைக்கவில்லை. மூட்டை அடுக்கும்போது மூலையில் பாருங்கள், இருந்தால் தங்கச்சியின் மகளிடம் கொடுங்கள். வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு: மிளகாய்த்தூள் முடியப்போகிறது. அடுத்த பொதியில் முறுக்கும் வையுங்கள், இந்தமுறை வாளிக்குள் பூட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்